விருந்துவழங்கி

1

இந்தக் கதை ஒரு சொல்லில் இருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். மனிதர்கள் பிறகுதான் வந்தார்கள்.

2008ஆம் ஆண்டு. வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் வாடகைக்கு இருந்தேன். பாடசாலை மாணவருக்கான விஞ்ஞான சஞ்சிகை ஒன்றுக்கு மொழி திருத்திக் கொடுப்பதுதான் என் வேலை. ஒரு நாள் திருத்த வந்த கட்டுரை ஒட்டுண்ணித் தாவரங்களைப் பற்றியது. எழுதியவர் இராமலெட்சுமி. பக்கத்து வீட்டு மேல்மாடி அறையில் குடியிருந்த ஆராய்ச்சி மாணவி.

ஒட்டுண்ணி எந்தச் செடியைப் பற்றிக்கொள்கிறதோ அந்தச் செடிக்கு எங்கள் பாடநூல்களில் 'விருந்துவழங்கி' என்று பெயர். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்து, பரீட்சையில் எழுதி, மறந்துவிட்ட சொல். அன்று சிவப்புப் பேனாவோடு அதன்முன் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். யாரும் அழைக்காமல் வந்து, உடம்பில் துளை போட்டு உறிஞ்சுகிற ஒன்றுக்கு இடம் கொடுத்து நிற்கும் செடி. அதற்குப் போய் யார் இந்தப் பெயரை வைத்தார்கள்?

அன்றே ஒரு கதையைத் தொடங்கினேன்.

[முதல் ஆரம்பம்: "போர்க்காலக் கொழும்பில் ஒவ்வொரு வீடும் ஒரு செடிதான். அதில் வந்து ஒட்டிக்கொள்ளும் ஒவ்வொரு வாடகைக்காரரும்..." இதோடு நிறுத்திவிட்டேன்.]

[இரண்டாம் ஆரம்பம்: "கைருன்னிஸாவுக்குச் செடிகள் பிடிக்கும்." பொய். அவருக்குச் செடிகள் பிடிக்காது. இலை விழுந்தால் மாடித் தண்ணீர்க்குழாய் அடைத்துக்கொள்ளும் என்பார்.]

2

கைருன்னிஸா அந்த வீட்டின் சொந்தக்காரர். கணவர் மௌத்தாகி (இறந்து) வெகுகாலம். கீழே இருந்துகொண்டு கடைகளுக்கு இடியப்பம் அவித்துக் கொடுத்தார். மேலே இருந்த ஒற்றை அறையை வாடகைக்கு விட்டிருந்தார். அறைக்கு வெளியே மொட்டைமாடி.

இராமலெட்சுமி பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். தாய் தகப்பன் இருவரும் கொழுந்து எடுத்தவர்கள். கொழும்பில் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் படித்து, ஆராய்ச்சிப் பட்டத்துக்காகத் தங்கிவிட்டார். அவர் ஆராய்ந்த கொடி ஒரு களை. ஒரு துண்டு ஒடிந்து விழுந்தாலும் பக்கத்துச் செடியில் தொற்றிக்கொள்ளும். தங்கள் செடிகள் பாழாகிவிடும் என்று மற்ற ஆராய்ச்சியாளர்கள் அதைக் கண்ணாடி வீட்டுக்குள் விடவில்லை. அதனால்தான் கைருன்னிஸாவின் மொட்டைமாடி.

எண்ணெய் வாளிகளில் தக்காளிச் செடிகள். அவற்றின்மேல் இலையில்லாத, பச்சையில்லாத, மஞ்சள் நூல்கள். தமிழில் அம்மையார் கூந்தல் என்பார்கள். சிங்களத்தில் அதன் பெயருக்கு 'நுனியும் அடியும் இல்லாத கொடி' என்று பொருள். கைருன்னிஸா வைத்த பெயர் சேமியா.

"புள்ள, ஒன்ட சேமியாக்குத் தண்ணி ஊத்தினன்."

"கொடிக்கு ஊத்த வேணாம் ஆன்ட்டி, தக்காளிக்கு ஊத்துனாப் போதும்."

"அதுக்கு ஊத்தினா இது குடிக்கிற. அதானே? வெளங்குது."

கட்டுரையில் ஒரு பந்தி எனக்கு விளங்காததால் ஒரு பின்னேரம் நானும் மாடிக்குப் போனேன். இராமலெட்சுமி ஒரு தண்டைத் தொடாமல் விரலால் காட்டினார்.

"பாருங்கக்கா, கொடி சுத்துன எடத்துல பல்லு மாதிரி சின்னதா முளைக்குதில்ல? இதுதான் பருகி. தண்டுக்குள்ள எறங்கித் தண்ணியையும் சீனியையும் இழுக்கும். எல்லாரும் இதத்தான் பாப்பாங்க. நான் பாக்குறது இதுக்கு முன்னாடி நடக்குறது. தொட்ட ஒடனே ரெண்டு செடிக்குள்ளயும் எந்தெந்தப் பரம்பரையலகு* முழிக்குதுன்னு."

"பரம்பரையலகு நித்திரை கொள்ளுமோ?"

"எல்லா அலகும் எப்பவும் உள்ளுக்கு இருக்கும்க்கா. தேவைப்படுறப்பதான் வேல செய்யும். வேல செய்ய ஆரம்பிச்சா ஒரு செய்தி எழுதும். அந்தச் செய்தியப் பிரிச்செடுத்துத்தான் நாங்க வாசிக்கிறோம். ஆனா அது சட்டுன்னு அழிஞ்சிரும். அதனால தண்ட வெட்டுன ஒடனே உறைய வெச்சிரணும்."

(* இந்தியாவில் மரபணு என்கிறார்கள். இங்கே பாடநூலில் பரம்பரையலகு. நான் திருத்தவில்லை.)

"தக்காளி என்ன செய்யும்? எதிர்க்காதோ?"

"எதிர்க்கும். எதிர்க்கிற அலகெல்லாம் முழிக்குது. ஆனா அதே நேரத்துல தக்காளிக்குள்ளயே இன்னொன்னும் முழிக்குது. பசை செய்யுற அலகு. கொடி நல்லா ஒட்டிக்கிறதுக்கு அந்தப் பசையும் ஒதவுது."

"தன்னைப் பிடிக்க வாறதுக்குத் தானே ஏன் பசை குடுக்குது?"

"அதான் தெரியல. தெரிஞ்சா எனக்குப் பட்டம்."

சிரித்தார். இராமலெட்சுமி சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை.

3

முதல் ஆரம்பத்தை ஏன் நிறுத்தினேன் என்று சொல்ல வேண்டும்.

வாடகைக்காரரையும் கொடியையும் ஒப்பிட்ட அந்த வரியை இராமலெட்சுமியிடம் வாசித்துக் காட்டினேன். ஒரு எழுத்தாளரின் அசட்டுப் பெருமையோடுதான் காட்டினேன்.

"அக்கா, எங்க ஆளுங்கள ஒட்டுண்ணின்னு சொன்னவங்க நெறய பேரு. எங்க தாத்தாவுக்குப் பிரஜாவுரிமை இல்லாமப் போனப்பவும் சொன்னாங்க. இப்ப லொட்ஜுல இருக்கிற வடக்கு ஆளுங்களச் சொல்றாங்க. செடியப் பத்தி எழுதுனா செடியப் பத்தி எழுதுங்க. எங்களப் பத்தி எழுதுனா எங்களப் பத்தி எழுதுங்க. ரெண்டையும் ஒன்னாக் கட்டாதீங்க."

ஒப்புக்கொண்டேன். இந்தக் கதையில் செடி செடியாகவே இருக்கும், ஆட்கள் ஆட்களாகவே இருப்பார்கள். கட்டுவதற்கு என் கை பரபரக்கும் இடங்கள் வரும். அங்கெல்லாம் நிறுத்திவிடுவேன்.

4

கைருன்னிஸா என்ற பாத்திரத்தின்மேல் எனக்குச் சந்தேகம் உண்டு. பாதிக் கதை வரை அவர் நான் நினைத்தபடி நடக்கவில்லை. நான் எழுத நினைத்தது ஒரு நல்ல வீட்டுக்காரியை. ஆனால் நடந்தது இது.

அந்த ஆண்டு பஸ்களில் குண்டு வெடித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வெடிப்புக்குப் பிறகும் எங்கள் ஒழுங்கையில் சோதனை. கைருன்னிஸாவின் வீட்டுக்கு இரண்டு தடவை வந்தார்கள். மாடியில் வாளி வாளியாக நிற்பது என்ன என்று கேட்டார்கள். இரண்டாம் தடவை ஒரு வாளியைக் கவிழ்த்து மண்ணைக் கிண்டிப் பார்த்தார்கள். அவர்கள் போன பிறகு கைருன்னிஸா மண்ணைக் கூட்டி அள்ளிவிட்டு, கீழே வந்து கதிரையில் உட்கார்ந்தார். அன்று இடியப்பம் பிழியவில்லை.

அவருடைய தம்பி மர்ஸூக் மாளிகாவத்தையில் இருந்தார். ஓட்டோ ஓட்டுகிறவர். அவர் வந்து சொன்னதைச் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து நானே கேட்டேன்.

"ராத்தா, அந்தப் புள்ள நல்ல புள்ளதான். நான் இல்லண்டு செல்லல்ல. நாளக்கி ஒண்டு நடந்தா ஒங்களத்தான் ஏத்திக்கொண்டு போவாங்க. நான் எங்க வந்து தேடுற?"

அன்று மாலையே கைருன்னிஸா மாடிக்கு ஏறினார்.

"லெச்சுமி, மாச முடிவோட நீ வேற எடம் பாத்துக்க."

"ஆன்ட்டி, இப்பதான் கொடி தொட ஆரம்பிச்சிருக்கு. இப்ப நகர்த்துனா எல்லாம் விட்டுப் போயிரும்."

"அது எனக்குத் தெரியா புள்ள. எனக்குப் பயமா ஈக்கி."

ஒரு கதாசிரியர் இந்த இடத்தில் கைருன்னிஸாவைக் கொஞ்சம் அழ வைக்கலாம். அவர் அழவில்லை. படியிறங்கும்போது, உலர்ந்திருந்த துணிகளை எடுத்து மடித்துக்கொண்டு போனார். அவற்றில் இராமலெட்சுமியுடையதும் இருந்தது.

5

இனி வருவதை நான் பார்க்கவில்லை. இராமலெட்சுமி சொன்னது, மர்ஸூக் சொன்னது, கைருன்னிஸா சொன்னது ஆகிய மூன்றையும் சேர்த்து எழுதுகிறேன். மூன்றும் பொருந்தாத இடத்தில் அதைச் சொல்லிவிடுவேன்.

தண்டுகளை உறைய வைக்கத் திரவ நைட்ரஜன் வேண்டும். பல்கலைக்கழகத்தில் இருந்து இராமலெட்சுமி அதை ஓர் உலோகப் பிளாஸ்க்கில் கொண்டுவருவார். மாடியில் தண்டை வெட்டிச் சிறு குழாய்களில் இட்டு அதற்குள் போட்டு, அதே பிளாஸ்க்கோடு திரும்பிப் போவார். மூடி இறுக்கமாக இருக்கக்கூடாது, இருந்தால் உள்ளே அமுக்கம் கூடி வெடித்துவிடும். ஆகவே மூடியோரத்தில் எப்போதும் வெண்புகை கசிந்துகொண்டிருக்கும்.

காலி வீதிச் சோதனைச் சாவடியில் இருந்தவர்களுக்கு அவரைத் தெரியும். பல்கலைக்கழகக் கடிதம் கேட்பார்கள், பார்ப்பார்கள், விட்டுவிடுவார்கள். அன்று, வெட்டிய தண்டுகளோடு அவர் திரும்பும்போது, ஆட்கள் மாறியிருந்தார்கள். முதல் நாள்தான் நகரத்துக்கு வெளியே ஒரு பஸ்ஸில் வெடித்திருந்தது.

"மேக்க மொகக்த?" என்ன இது என்று ஒரு ஆமிப் பையன் கேட்டான்.

"நைட்ரஜன், சேர்."

வெடிமருந்தின் பெயர் போல ஒலித்த அந்தச் சொல்லின் முதல் பாதிக்கே அவன் பின்வாங்கித் துவக்கை நிமிர்த்திவிட்டான். கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது. அடையாள அட்டையில் தோட்டத்தின் பெயர் இருந்தது, தமிழ் ஆள் என்பதற்கு அதுவே போதும். அவருடைய ஆராய்ச்சி மேற்பார்வையாளர் சிவபாதசுந்தரம் மாநாடு ஒன்றுக்காக வெளிநாட்டில், அழைத்தபோது எடுக்கவில்லை. இராமலெட்சுமியை ஜீப்பில் ஏற்றினார்கள். பிளாஸ்க்கை அவரே மடியில் வைத்துக்கொள்ள வேண்டும் என்றார்கள், வேறு யாரும் தொடத் தயாரில்லை.

[இங்கே ஜீப் பயணத்தைப் பற்றி ஒரு பந்தி எழுதியிருந்தேன். அதைப் பற்றி எதுவுமே சொல்ல விரும்பவில்லை என்று இராமலெட்சுமி சொன்னதால் எடுத்துவிட்டேன்.]

பொலிஸ் நிலையத்தின் பின்முற்றத்தில், வெயிலில், நடுவே பிளாஸ்க்கை வைத்தார்கள். சுற்றிலும் மணல் மூட்டைகள். குண்டைச் செயலிழக்கச் செய்யும் அணி வேறெங்கோ இருந்தது, வரப் பொழுதாகும் என்றார்கள். கடிதத்தில் இருந்த விலாசத்தைப் பார்த்து, வீட்டுக்காரியை அழைத்துவர ஆள் அனுப்பினார்கள்.

6

மர்ஸூக்கின் ஓட்டோவில் கைருன்னிஸா வந்து இறங்கினார். மாப் படிந்த கையைக் கழுவவில்லை.

வாசலிலேயே மர்ஸூக் அவர் காதில் சொன்னார்: "வாடகைக்கு ஈந்தவ, போகச் சொல்லியாச்சிண்டு செல்லுங்க. அது பொய்யுமில்லயே ராத்தா. அதோட நம்ம போயிரலாம்."

பொய்யில்லைதான். அந்த ஒரு வாக்கியம் அவரை வீட்டுக்குத் திருப்பி அனுப்பியிருக்கும்.

இன்ஸ்பெக்டர் கொடியவர் இல்லை. களைத்துப் போனவர். நித்திரையில்லாத கண்களோடு சிங்களத்தில் கேட்டார்: "இவள் உங்களுக்கு யார்?"

என் முதல் பிரதியில், "என் மகள்" என்று கைருன்னிஸா சொல்கிறார். எழுதி முடித்த சூட்டில் அதை அவருக்கே வாசித்துக் காட்டினேன்.

"நான் அப்பிடிச் செல்லல்லயே மிஸ்," என்றார். "அவளுக்கு உம்மா ஈக்கிறா. நான் ஏன் அப்பிடிச் செல்லணும்?"

அவர் சொன்னது இதுதான்: "என்ட ஊட்ட ஈக்கிற புள்ள."

"அந்தப் பாத்திரத்தில் என்ன இருக்கிறது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"தக்காளித் தண்டு."

யாரோ சிரித்தார்கள். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. இராமலெட்சுமியிடம் திரும்பினார். "குண்டு இல்லையென்றால் நீயே போய்த் திற. எல்லாவற்றையும் தரையில் ஊற்று."

"ஊத்துனா உள்ள இருக்கிறது எல்லாம் கெட்டுரும் சேர். இதுக்காக ஒரு வருசமா வேல செஞ்சிருக்கேன். எங்க சேருக்கு ஒரு கோல் எடுத்துப் பாருங்க. இன்னொருக்கா."

"ஊற்றாவிட்டால் உன்னை நான் வேறு இடத்துக்கு அனுப்ப வேண்டிவரும். அங்கே உன் சேரின் கோலை யாரும் எடுக்க மாட்டார்கள்."

வேறு இடம் என்றால் என்ன என்று அந்த ஆண்டுகளில் இருந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. பிறகு வந்தவர்களுக்காக: போனவர்களில் சிலர் வெகுகாலம் கழித்து வந்தார்கள். சிலர் வரவில்லை.

இராமலெட்சுமி எழும்பினார். பொலிஸ்காரர்கள் சுவருக்குப் பின்னால் போனார்கள். ஆளில்லாத முற்றத்தில் அவர் நடக்கத் தொடங்கியபோது கைருன்னிஸாவும் பின்னால் நடந்தார்.

மர்ஸூக் "ராத்தா!" என்று கத்தினார். ஒரு கான்ஸ்டபிள் சிங்களத்தில் ஏதோ கத்தினார். இராமலெட்சுமி திரும்பிப் பார்த்தார்.

"ஆன்ட்டி, நீங்க வராதீங்க."

"நட புள்ள."

இந்த இடத்தில் மூன்று சாட்சிகளும் பொருந்தவில்லை. கைருன்னிஸா இராமலெட்சுமியின் சால்வை நுனியைப் பிடித்திருந்தார் என்கிறார் மர்ஸூக். கையைப் பிடித்திருந்தார் என்கிறார் இராமலெட்சுமி. எதையும் பிடிக்கவில்லை என்கிறார் கைருன்னிஸா.

பிளாஸ்க்கைத் திறந்து சரித்ததும் வெண்புகை முற்றம் முழுவதும் பரவிற்று. சுவருக்குப் பின்னால் ஆட்கள் ஓடும் சத்தம். சீமெந்தில் விழுந்த திரவம் துள்ளித் துள்ளி, ஈரம்கூட விடாமல் மறைந்தது. குழாய்கள் உருண்டு வெயிலில் கிடந்தன. சற்று நேரத்தில் அவற்றின்மேல் பூத்திருந்த உறைபனி நீராகி வடிந்தது.

இராமலெட்சுமி குந்தியிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். கைருன்னிஸாவும் குந்தினார்.

"திரும்ப ஐஸ்ல வெச்சா சரிவராதா?"

"இல்ல ஆன்ட்டி. போயிருச்சு."

7

இராமலெட்சுமியை விட்டார்கள், ஒரு நிபந்தனையோடு. வீட்டுக்காரி பொறுப்பேற்றுக் கையெழுத்து வைக்க வேண்டும், மாதம் ஒருமுறை இருவரும் நேரில் வந்து நிற்க வேண்டும். மர்ஸூக் வாசலுக்கு வெளியே போய் நின்றுகொண்டார். கைருன்னிஸா கையெழுத்து வைத்தார்.

நல்ல கதையாக இருந்தால் இத்துடன் அறையும் திரும்பக் கிடைத்திருக்கும். நான் அப்படித்தான் எதிர்பார்த்தேன். இராமலெட்சுமியும் எதிர்பார்த்திருக்க வேண்டும், ஏனென்றால் மாதக் கடைசி வரை அவர் சாமான் கட்டவில்லை.

கைருன்னிஸாதான் மேலே வந்து கேட்டார். "எடம் பாத்தியா?"

"ஆன்ட்டி..."

"நான் அண்டக்கி வந்தது வேற புள்ள. நீ இஞ்ச ஈந்தா எனக்கு நித்திரை வருதில்ல. படியில சத்தம் கேட்டா நெஞ்சு அடிக்கிது. நான் என்ன செய்ய?"

இராமலெட்சுமி எழுந்து வாளிகளிடம் போனார். தக்காளிச் செடிகளைக் கொடியோடு பிடுங்கி, தகரப் பீப்பாவில் போட்டு எரித்தார். விட்டுவைத்தால் ஒழுங்கை முழுவதும் பரவிவிடும். எரியும்வரை கைருன்னிஸா பக்கத்தில் நின்றார். பிறகு மர்ஸூக்கின் ஓட்டோவில் சாமான்களை ஏற்றி இரத்மலானைக்கு அனுப்பினார். தொழிற்பேட்டைப் பக்கம், ஆடைத்தொழிற்சாலைப் பிள்ளைகள் தங்கும் வீடு ஒன்றில் ஓர் அறை.

(இங்கே நிறுத்துகிறேன். கை பரபரக்கிறது. இராமலெட்சுமிக்குக் கொடுத்த வாக்கு.)

ஆனாலும் கையெழுத்து இருந்தது. மாதம் ஒருமுறை பொலிஸ் நிலையத்தில் ஒரே வாங்கில் இருவரும் உட்கார்ந்தார்கள். இரண்டாம் மாதம் கைருன்னிஸா கேட்டாராம்: "அங்க தண்ணி எப்பிடி?" "உப்பு ஆன்ட்டி." அடுத்த முறை அவர் ஒரு போத்தல் தண்ணீர் கொண்டுபோனார். முற்றத்தில் நடந்ததைப் பற்றி இருவரும் ஒருநாளும் பேசவில்லை.

சிவபாதசுந்தரம் திரும்பிவந்து, பல்கலைக்கழக வளவில் வலையடித்த ஒரு மூலையைச் சண்டை பிடித்து வாங்கிக் கொடுத்தார். இராமலெட்சுமி முதலில் இருந்து தொடங்கினார். புது விதை, புதுத் தக்காளி. தக்காளிக்குள் எதிர்க்கும் அலகும் பசைக்கான அலகும் ஒன்றாகவே விழிக்கின்றன என்பதை அவரால் உறுதியாகக் காட்ட முடிந்தது. ஏன் என்பதைக் காட்ட முடியவில்லை. அதைக் காட்டாமலே பட்டம் கிடைத்தது.

8

அடுத்த ஆண்டு மே மாதம் போர் முடிந்தது என்றார்கள். வீதியில் பட்டாசு கொளுத்தினார்கள், பாற்சோறு கொடுத்தார்கள். எங்கள் ஒழுங்கையில் கதவுகள் சாத்தியே இருந்தன. அதன்பின் ஒரு தடவை கைருன்னிஸாவும் இராமலெட்சுமியும் போய் நின்றபோது, இனி வரத் தேவையில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

[முடிவு ஒன்று: அடுத்த மாதமும் அதே நாளில் இருவரும், சொல்லி வைக்காமலே, அந்த வாங்குக்கு வருகிறார்கள். — அழகாக இருக்கிறது. நடக்கவில்லை.]

[முடிவு இரண்டு: இருவரும் அதற்குப் பிறகு சந்திக்கவேயில்லை. — இதுவும் நடக்கவில்லை. இராமலெட்சுமி மேற்படிப்புக்கு வெளிநாடு போகுமுன் வந்து சொல்லிவிட்டுப் போனார். தேத்தண்ணி குடித்தார்கள். கதைக்க அதிகம் இருக்கவில்லை.]

கதையை முடிக்க எனக்கு ஒன்று மட்டும் தெரிய வேண்டியிருந்தது. இராமலெட்சுமி போன பிறகு, ஒரு காலை, கைருன்னிஸா மாப் பிசைந்துகொண்டிருக்கும்போது கேட்டேன்.

"அண்டைக்கு முற்றத்தில நடக்கேக்க, அது குண்டு இல்லை எண்டு உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியும்," என்றார் உடனே. "எத்தின நாள் பாத்தீக்கன். தண்டு வெட்டிப் போடுற."

பிசைந்த கை நின்றது.

"தெரியா மிஸ்," என்றார். "தெரிஞ்சீந்தா, நான் ஏன் கலிமா ஓதிக்கொண்டு போனன்?"

முற்றத்தில் அது இராமலெட்சுமியின் காதில் விழவில்லை. மர்ஸூக் தூரத்தில் நின்றார். சாகும் நேரத்தில் ஓதும் கலிமாவை வாய்க்குள் ஓதியதை அதுவரை அவர் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

"அப்ப ஏன் போனீங்கள்?" என்று கேட்டேன்.

அவர் பதில் சொன்னார். எழுதி வைத்தேன். மறுநாள் சுவர்ப் பக்கம் வந்து என்னைக் கூப்பிட்டு, "நேத்துச் சொன்னத எழுதாதீங்க, அது சரியில்ல," என்றார். வேறொரு பதில் சொன்னார். அதையும் சில நாளில் எடுக்கச் சொன்னார். மூன்றாவதாக ஒன்று அவரிடம் இல்லை. என்னிடமும் இல்லை.

ஆகவே அந்த வரியை வெறுமையாக விடுகிறேன்.

"..............................................."

நீங்கள் எழுதிக்கொள்ளலாம். என்ன வேண்டுமானாலும் எழுதலாம், நான் திருத்த மாட்டேன். எழுதும்போது ஒன்றை மட்டும் யோசியுங்கள். கைருன்னிஸா இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறார். கண் மங்கிவிட்டது. யாராவது ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து இதை அவருக்கு வாசித்துக் காட்டுவார்.